கம்பெனி கேட்டோடு திரும்பிவிடாதீர்கள்

உலக வணிகம், சுங்க வரி, பொறுப்பான விநியோகச் சங்கிலி ஆகியவற்றை ஆய்வு செய்துவரும் பொருளாதாரப் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,



ஆவடி மாநகராட்சியில், பட்டாபிராம் பக்கம், சேக்காட்டில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். லேத், டிரில்லிங், பவர் பிரஸ், பிளேட்டிங் என்று நாலு பேரோ ஏழு பேரோ வேலை செய்கிற ஷெட்டுகள்தான் என் வாடிக்கையாளர்கள். ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், உத்யம் பதிவு, கம்பெனியிலிருந்து டெபிட் நோட் வந்தால் அதற்குப் பதில் எழுதுவது, இவ்வளவுதான் என் தொழில். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன் என்பதால் படிக்கிற பழக்கம் விடவில்லை. உங்கள் கட்டுரைகளில் கணிதம் வருகிற பக்கங்களைத் தாண்டிவிட்டு, மற்றதை நிதானமாகப் படிப்பேன்.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. உலகமயத்தைப் பற்றிய உங்கள் ஆய்வு, ஷிப்பிங் பில் போடுகிற கம்பெனியின் கேட் வரை வருகிறது. அங்கிருந்து திரும்பிப் போய்விடுகிறது. அந்த கேட்டிலிருந்து சலானோடு கிளம்பும் டாடா ஏஸ் போய் நிற்கிற தெருக்களுக்கும் வாருங்கள். சுங்க வரி, கார்பன், தொழிலாளர் நலன் என்று எந்தப் பெயரில் சுமை வந்தாலும் கடைசியில் அதை இறக்கி வைப்பது இங்கேதான் என்பது என் சந்தேகம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன். அதை நிரூபிக்கவோ பொய்யாக்கவோ வேண்டிய கருவி உங்கள் கையில் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு உலகம் ஒன்றும் புதிதல்ல. 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குடும்பம் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் பத்து வருஷம் கழித்து விஜயந்தா டாங்க் வெளியே வந்தபோது, அதன் வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. பாடியில் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் கைகோத்ததும் அந்தக் காலம்தான். லைசென்ஸ் ராஜ்யத்திலும் வெளிநாட்டு டிராயிங் இல்லாமல் இங்கே சக்கரம் சுற்றியதில்லை. 1990களின் தொடக்கத்தில் பாடியின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக ரேடியேட்டர் மூடி செய்துகொண்டிருந்த இயந்திர வரிசையையே வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வணிகப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிய கதை. அது போன்ற பெரிய கம்பெனிகளைச் சுற்றி அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமுல்லைவாயலிலும் சேக்காட்டிலும் முளைத்த பட்டறைகளைப் பற்றி அதே அளவு யாரும் எழுதவில்லை.

ஒரு பீஸை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்குகிற ஸ்டீல் புஷ். எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனி ராடு கொடுக்கிறது. திருமுல்லைவாயலில் அதை அறுத்து, சி.என்.சி.யில் டர்னிங் செய்கிறார்கள். சேக்காட்டில் குறுக்கே ஓட்டை போட்டு, டேப் அடித்து, பிசிறு எடுக்கிறார்கள். பிளேட்டிங்குக்கு இன்னொரு இடம். திரும்ப எஸ்டேட்டுக்குப் போய் வேறு நாலு பாகங்களோடு சேர்ந்து அசெம்பிளியாகி, பெட்டியில் ஏறித் துறைமுகம் போகிறது. சேக்காட்டுப் பட்டறைக்குத் தெரிந்ததெல்லாம் டிராயிங் எண்ணும் ரிவிஷன் எழுத்தும்தான். கடைசி வாடிக்கையாளர் பெயர் இருக்கும் மூலையை ஒயிட்னரால் அழித்து, ஜெராக்ஸ் எடுத்துத்தான் கொடுப்பார்கள். கீழே இருப்பவன் மேலே இருப்பவனிடம் நேராகப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ரேட்டைக் காசுக் கணக்கில் பேசுவார்கள். பிசிறு எடுப்பது தனியாகக் கணக்கில் வராது. பெரும்பாலும் அதை வீட்டுப் பெண்கள் மாலையில் உட்கார்ந்து செய்துவிடுகிறார்கள். இந்த உழைப்பு எந்த நாட்டுக் காருக்குள் போகிறது என்று கேட்டால், "ஃபோர்டோ என்னமோ சார்" என்பார் பட்டறைக்காரர். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-லேயே கார் செய்வதை நிறுத்திவிட்டது.

இப்போது 2025-க்கு வருவோம். அமெரிக்கா மார்ச் 12 முதல் எஃகு, அலுமினியத்துக்கு 25 சதவீதம் போட்டது. ஜூன் 4-ல் அதையே 50 ஆக்கியது. கார் உதிரிபாகங்களுக்கு மே 3 முதல் 25. இந்தியாவிலிருந்து போகும் மற்றப் பெரும்பாலான சரக்குகளுக்கு ஆகஸ்ட் 7-ல் 25, ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25. பேச்சுவார்த்தைக்கும் நீதிமன்றத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் ஆடுகின்றன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. ஒரே மேஜையில் கிடக்கிற இரண்டு பீஸ்களில் ஒன்று கார் உதிரிபாகமாகப் போய் 25-லும், இன்னொன்று ஏதோ இயந்திரத்தின் பாகமாகப் போய் 50-லும் மாட்டியிருக்கும். எது எதில் மாட்டியது என்று பட்டறைக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. சலானில் இருக்கிற எச்.எஸ்.என். குறியீடு ராடுக்கோ புஷ்ஷுக்கோ உரியது. அசெம்பிளியான பிறகு அமெரிக்கச் சுங்கத்தில் அது எந்தத் தலைப்பில் நுழைகிறது என்பது அம்பத்தூரில் ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். சேக்காட்டுக்கு வந்தது இரண்டே செய்தி. ஷெட்யூல் குறைந்தது. "உலகச் சூழல் காரணமாக எல்லா வெண்டார்களும் ஒத்துழைக்க வேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒத்துழைப்பது என்றால் ரேட்டைக் குறைப்பது.

மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் மூவரும் 2018-ல் அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்து, அந்தச் சுமை ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க வாங்குபவர்கள் தலையிலேயே விழுந்தது என்று 2019-ல் எழுதினார்கள். எல்லைக்கு வரும்போது சரக்கின் விலை குறையவில்லை, வரி மேலே ஏறியது, அவ்வளவுதான் என்றது அந்தக் கட்டுரை. அடுத்த ஆண்டு அவர்களே திரும்பிப் பார்த்தபோது எஃகில் மட்டும் கதை மாறியிருந்தது. காலப்போக்கில் வெளிநாட்டு ஏற்றுமதியாளர்கள் விலையைக் குறைத்து, வரியின் பாதியளவைத் தாங்களே சுமந்திருந்தார்கள். நேர்மையான ஆய்வு. ஆனால் இரண்டு முறையும் அளந்தது எல்லையில் இருக்கும் விலையை. எல்லையில் விலை குறையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏற்றுமதியாளர் தன் லாபத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கீழே ரேட்டைக் குறைத்திருக்கலாம். எஃகில் அவர் பாதியைச் சுமந்தார் என்றால், அந்தப் பாதியில் எத்தனை பங்கு உண்மையில் அவர் சுமந்தது, எத்தனை அவருக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர் சுமந்தது? சுங்கத் தரவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. "இந்திய ஏற்றுமதியாளர்" என்று நீங்கள் எழுதும்போது ஒரே ஆளைப் போலத் தெரிகிறது. இங்கே அவருக்குள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ரேட் பேசுகிற அதிகாரம் ஒருவருக்குத்தான்.

தரவு இல்லை என்று சொல்வீர்கள். பழைய பாணியில் பார்த்தால் நியாயம்தான். தொழில்துறை ஆண்டுக் கணக்கெடுப்பு, தொழிற்சாலைச் சட்டத்தில் பதிவானவற்றை, அதாவது மின்சாரத்தோடு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களைப் பார்க்கிறது. அதற்குக் கீழே உள்ளவற்றைப் பதிவு பெறாத் துறைக்கான தனிக் கணக்கெடுப்பு பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை: எந்தத் தொழிற்சாலைக்கு எந்த ஷெட் வேலை செய்கிறது என்று இரண்டுமே சொல்லாது. என் வாடிக்கையாளர்களில் பலர் ஒன்பது பேரோடு நிற்பதற்குக் காரணம் கேட்டால் சிரிப்பார்கள். பத்தாவது ஆள் வந்தால் ஆய்வாளர் வருவார், இ.எஸ்.ஐ. வரும். பத்தாவது ஆளைப் பக்கத்து ஷெட்டில் மச்சான் பெயரில் வைத்திருப்பார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிற்சாலை என்பதற்கான வரம்பை மின்சாரம் உள்ள இடத்தில் இருபது பேராக உயர்த்தியிருக்கிறது. பதிவேட்டை வைத்தே தேடினால், இனி கண்ணில் படாமல் போகிறவர்கள் கூடுவார்கள்.

ஆனால் என் மேஜையில் வேறு வகைத் தரவு இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்குப் பொருள் அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியும் ஐ.டி.சி.-04 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒரு முறை. எந்தச் சலானில், எந்தத் தேதியில், யாருக்கு, என்ன பொருள், எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து நேரே இன்னொருவருக்குப் போனதும் இருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே கூலி வாங்குகிற, பதிவே இல்லாத ஆளுக்குப் போனதுகூட, அவர் பெயர் இல்லாமல், ஒரு வரியாக இருக்கிறது. இதோடு ஈ-வே பில்லையும் கூலி பில்லையும் வைத்துப் பாருங்கள். உலகமயம் தெருத் தெருவாகப் பிரிந்து போவதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

இது நடக்காத காரியம் இல்லை. லூசி கடேன், துஷார் நந்தி, ரோலண்ட் ராத்லோ மூவரும் மேற்கு வங்கத்தின் வாட் பதிவேடுகளை வைத்து யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். கௌரவ் கன்னா, நிகோலஸ் மொராலஸ், நித்யா பாண்டலை-நாயர் மூவரும் ஒரு பெரிய இந்திய மாநிலத்தின் வரித் தரவிலிருந்து, கொரோனா காலத்தில் எந்தச் சங்கிலி அறுந்தது, எது தாங்கியது என்று பார்த்தார்கள். அடையாறில் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய எம்.ஐ.டி.எஸ். இருக்கிறது, கோட்டூரில் சென்னைப் பொருளாதாரப் பள்ளி இருக்கிறது, கிண்டியில் ஐ.ஐ.டி. இருக்கிறது. சேப்பாக்கம் எழிலகத்தில் வணிக வரித் துறை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு ஆட்டோ சவாரி தூரம். பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தரவைத் தாருங்கள் என்று நீங்கள் கேட்டால் கொடுப்பார்களோ மாட்டார்களோ, நான் கேட்டால் நிச்சயம் கொடுக்கமாட்டார்கள்.

எஃகு விலை விஷயத்தில் உங்கள் ஆய்வைக் கொள்கை எழுதுகிறவர்கள் படிக்கவே இல்லையோ என்று தோன்றுகிறது. 1991-க்குப் பிறகு இடுபொருள்கள் மீதான இறக்குமதி வரி குறைந்ததுதான், இந்தியக் கம்பெனிகள் அறிமுகப்படுத்திய புதிய பொருள்களில் 31 சதவீதத்துக்குக் காரணம் என்று கோல்ட்பர்க், கண்டேல்வால், பாவ்ச்னிக், டோபலோவா நால்வரும் 2010-ல் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு தட்டை எஃகு இறக்குமதிக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. ஆண்டின் கடைசியில் அதை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டி, படிப்படியாக 11-க்கு இறக்குவதாகச் சொன்னது. சீன எஃகு வெள்ளமாக வருகிறது என்ற ஆலைகளின் பயத்தில் உண்மை இருக்கலாம். பிரஸ் பட்டறைக்காரர் சாத்தாங்காடு மார்க்கெட்டில் சி.ஆர். ஷீட் வாங்குகிறவர். விலை ஏறினால் அன்றைக்கே ஏறிய விலை. அவர் கம்பெனியிடம் கேட்கும் மெட்டீரியல் ரேட் மாற்றமோ காலாண்டு முடிந்து, ஒப்புதல் வந்து, அதற்கு அடுத்த பில்லில்தான் வரும். எஃகு ஆலைக்குச் சங்கம் இருக்கிறது, டெல்லியில் ஆள் இருக்கிறார்கள். ஷீட்டை வெட்டி வளைப்பவரின் குரல் வர்த்தகத் தீர்வு இயக்குநரகத்தின் விசாரணைக் கோப்பில் எங்கே வருகிறது என்று யாராவது ஒரு மாணவர் தேடிப் பார்க்கலாம். எம்.பில். அளவுக்கு நல்ல தலைப்பு, எம்.பில். இன்னும் இருந்திருந்தால்.

கார்பனுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2023 அக்டோபரில் வெறும் அறிக்கை கேட்பதாகத் தொடங்கி, 2026 ஜனவரி 1 முதல் பணம் கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. சிமென்ட், உரம், அலுமினியத்தோடு இரும்பும் எஃகும் பட்டியலில் உண்டு. ஆலையிலிருந்து வரும் சுருளோடு பட்டியல் முடிந்துவிடவில்லை. திருகு, போல்ட், நட் எல்லாம் அதில் இருக்கின்றன. பிரிட்டனும் 2027-ல் தன் பங்குக்கு ஒன்று தொடங்குகிறது.

இந்த வரி அநியாயம் என்று டெல்லி சொல்வதை நான் அப்படியே சொல்லமாட்டேன். இந்தியாவில் ஒரு டன் எஃகு செய்ய ஏறக்குறைய 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது, உலகச் சராசரி 1.9 என்று எஃகு அமைச்சகத்தின் அறிக்கையே 2024-ல் ஒப்புக்கொண்டது. எண்ணூர்க் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இதில் வாதாட மனம் வராது. என் கேள்வி, இந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பது. போல்ட்டில் இருக்கிற கார்பனில் மிகப் பெரும்பகுதி அதன் எஃகு உருகிய உலையில் வந்தது. சேக்காட்டில் திரெட் ஏற்றுவதில் வருவது அற்பம். அதிலும் இரும்புப் பொருள்களுக்கு இப்போது பணக் கணக்கில் சேர்வது நேரடி உமிழ்வு மட்டும், மின்சாரத்தின் வழியாக வருவது சேராது. ஆனால் வெண்டார்களுக்கு வருகிற எக்செல் தாளைப் பாருங்கள். மாதம் எத்தனை யூனிட் இ.பி., ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், கம்பி எந்த ஆலையுடையது, அந்த ஆலையின் உமிழ்வு எண் என்ன என்று நாற்பது கட்டம், அத்தனையும் ஆங்கிலத்தில். ஸ்டாக்கிஸ்ட்டிடம் மூன்று கை மாறி வந்த கம்பியில் கட்டியிருந்த, எந்த ஆலையின் எந்த உருக்கல் என்று காட்டும் ஹீட் நம்பர் டேக், அறுக்கும்போதே குப்பைக்குப் போய்விட்டது. சரியான எண் இல்லாவிட்டால் ஐரோப்பிய இறக்குமதியாளர் ஒன்றியம் நிர்ணயித்து வைத்திருக்கும் இயல்பெண்ணை எடுத்துக்கொள்வார். அது வேண்டுமென்றே கூடுதலாக வைக்கப்பட்ட எண். ஆகவே வாங்குகிற கம்பெனிக்குச் சுலபமான வழி, ஆலைச் சான்றிதழோடு வருகிற பெரிய வெண்டாரிடம் ஆர்டரைக் கொடுத்துவிடுவது. இப்படி ஆர்டர் நகர்கிறதா இல்லையா என்பதை ஐ.டி.சி.-04 தரவில் சலான் தேதியை வைத்துக் காலாண்டுவாரியாகப் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காக நான் இப்போது அந்தத் தாளை நிரப்பிக் கொடுக்கிறேன். இ.பி. பில்லைப் பார்த்து யூனிட் எழுதுகிறேன். ஆலையின் உமிழ்வு எண் கட்டத்தில் கோடு போடுகிறேன். அதற்குக் கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. பட்டறைக்காரருக்கோ அந்த வேலைக்கு ஒரு காசு ரேட் கூடவில்லை.

இதற்கு முன்னால் தமிழ்நாடு இதே மாதிரி ஒன்றைத் தாண்டி வந்திருக்கிறது, அதை நீங்களே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து அது. 1990களின் நடுவில் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பல்லாவரம் தோல்ஷாப்புகளில் பெரும்பாலானவை சின்னவை. அவை அழிந்துபோகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. மீனு திவாரியும் பூனம் பிள்ளையும் 2005-ல் எழுதிய கட்டுரை, அவை எப்படித் தப்பின என்று சொல்கிறது. அரசு, தொழில் சங்கங்கள், அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. மாற்று ரசாயனம் எது என்று ஆய்வுக்கூடம் சொன்னது, சோதனை உள்ளூரிலேயே நடந்தது, சாயம் செய்கிறவர்களையும் கூட்டி உட்காரவைத்தார்கள். வேலூர் மாவட்டத்தின் பாலாறும் கிணறுகளும் கெட்டது வேறு கதை; அதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஏற்றுமதிக்கான தரம் சீக்கிரம் வந்தது, குடிதண்ணீருக்கான நியாயம் தாமதமாகத்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.

கார்பன் கணக்குக்கு அப்படி ஒரு பொது ஆய்வுக்கூடம் இன்று இருக்கிறதா? எஃகு ஆலைகள் உமிழ்வு எண்ணை ஒவ்வொரு ஹீட்டோடும் வெளியிட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தால் சேக்காட்டின் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதற்கு ஆகும் செலவையும், ஆயிரக்கணக்கான பட்டறைகள் தனித்தனியாக எக்செல் நிரப்புவதில் வீணாகும் செலவையும் ஒப்பிட்டு யாராவது ஒரு பக்கக் கட்டுரை எழுதினால், அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்லி போக வசதியாக இருக்கும்.

தொழிலாளர் விஷயம் இதைவிடக் கனமானது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோர்க்கும் பெண்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பயத்தில் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவோடு இரவாக உட்கார்ந்தார்கள். தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12-ல்தான் ஆலை திரும்பத் திறந்தது. ஆலைக்குள் எத்தனையோ தணிக்கை நடந்திருக்கும். பிரச்சினை வெடித்தது கேட்டுக்கு வெளியே, ஒப்பந்தக்காரர் எடுத்திருந்த விடுதியில். ஐபோன் 3ஜி-யின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலரில், கோர்க்கும் கூலி வெறும் 6.50 டாலர் என்று யூச்சிங் சிங்கும் நீல் டெட்டர்ட்டும் 2010-ல் கணக்கிட்டார்கள். அவர்கள் பேசியது சீனாவைப் பற்றி. அந்த ஆறரை டாலருக்குள்தான் சம்பளம், பஸ், விடுதி வாடகை, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும் என்று அன்றைக்கு யாரும் நீட்டிப் படிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம். உலகின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றின் சங்கிலிக்கு விடுதி கட்டித்தரப் பொதுத்துறை வர வேண்டியிருந்தது ஏன் என்பது உங்கள் பாடத்தில் வர வேண்டிய கேள்வி.

சாலை மறியல் செய்ய அந்த ஆலையைப் போல ஆயிரக்கணக்கானோர் இல்லாத இடம் பிரஸ் பட்டறை. பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பொத்தான் அழுத்தினால்தான் ராம் இறங்க வேண்டும். பீஸ் கணக்கு கூட வேண்டும் என்றால் ஒரு பொத்தானைக் கட்டிவிட்டு, காலால் மிதிக்கும் பெடலுக்கு மாறிவிடுவார்கள். குர்கான், மானேசர், ஃபரிதாபாத் பக்கம் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். விரல் போனவர்களில் பெரும்பாலோர் கார் கம்பெனிகளின் இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஷெட்டுகளில் வேலை செய்தவர்கள். பலருக்கு விபத்துக்குப் பிறகுதான் இ.எஸ்.ஐ. அட்டையே வந்திருக்கிறது. அது ஹரியானாக் கதை என்று ஒதுக்க என்னால் முடியாது. கொடுக்கல் வாங்கலில் கை நீட்டும்போது விரல் குறைகிற ஆட்களை இங்கேயும் பார்க்கிறேன். யார் எங்கே என்று எழுதப்போவதில்லை.

இப்போது பட்டறைகளுக்கு வருவது நடத்தை விதிகள். பதினான்கு பக்க ஆங்கிலம். கொத்தடிமை இல்லை, குழந்தைத் தொழிலாளர் இல்லை, ஓ.டி. சட்டப்படி, இயந்திரத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று உறுதிமொழி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் அம்பு ஒட்டியிருக்கும். அம்பு காட்டிய இடத்தில் முதலாளி போடுவார், பக்கத்தில் நான் சீல் குத்துவேன். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-ல் வந்ததிலிருந்து இந்தத் தாள் அதிகமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய இதே வகைப் பெரிய சட்டத்தைத் தள்ளிப்போட்டு, 2025 டிசம்பரில் 5,000 ஊழியருக்கு மேல் உள்ள கம்பெனிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். சுருக்கியதால் இங்கே தாள் குறையவில்லை. அந்த விதிகளோடு வரும் பி.ஓ.வில் ரேட் பழைய ரேட்தான். ஆண்டுக்கொரு முறை காஸ்ட் டவுன் என்ற வரியும் அப்படியே இருக்கும். கை நுழைந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் லைட் கர்ட்டனைப் பொருத்து என்கிற தாளும், போன வருஷத்தைவிட மலிவாகக் கொடு என்கிற தாளும் ஒரே கவரில் வருகின்றன.

இதில் உங்கள் துறை சொன்ன இரண்டு முடிவுகள் என்னை யோசிக்க வைத்தன. கோஸ்டாரிகாவில் பன்னாட்டுக் கம்பெனிகள் பொறுப்பான கொள்முதல் விதிகளைக் கொண்டுவந்தபோது, அல்ஃபாரோ-உரேன்யா, ஃபேபர், கோபேர், மனெலிச்சி, வாஸ்கெஸ் ஆகியோர் கம்பெனிக்குக் கம்பெனி நடந்த பரிவர்த்தனைத் தரவை வைத்து என்ன ஆனது என்று பார்த்தார்கள். சப்ளையர்களின் விற்பனையும் வேலைவாய்ப்பும் குறைந்தன. குறைந்த சம்பளக்காரர்களின் ஊதியம் ஏறியது. ஆக அந்த விதிகள் வெறும் தாள் அல்ல, அவற்றுக்கு விலை இருக்கிறது, அந்த விலை சப்ளையர் பக்கம் விழுகிறது. இன்னொன்று வங்கதேசத்தில். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு வந்த ஏற்பாடுகளில், தொழிலாளர்களும் உட்காரும் பாதுகாப்புக் குழுக்களை 84 ஆலைகளில் லாரா பூட்ரோ சோதித்தார். வாங்குகிற கம்பெனிகள் உண்மையிலேயே அழுத்தம் கொடுத்த இடத்தில் குழுக்கள் வேலை செய்தன, உற்பத்தி கெட்டுப்போகவில்லை. இவை இரண்டையும் வைத்து இங்கே ஒரு சோதனை செய்யலாமே. அம்பத்தூரில் ஒப்புக்கொள்கிற ஒரு கம்பெனி, தன் பிரஸ் வெண்டார்களில் பாதிப் பேருக்கு வழக்கம்போல நடத்தை விதியை மட்டும் அனுப்பட்டும். மறு பாதிக்கு விதியோடு லைட் கர்ட்டனுக்கான பணத்தையும் பீஸ் ரேட்டில் சேர்த்துக் கொடுக்கட்டும். ஒரு வருஷம் கழித்து பெடலை யார் திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். விரல்களை எண்ணுவதற்கு எகனாமெட்ரிக்ஸ் அதிகம் தேவைப்படாது.

பணம் எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்த வட்டியைக் கேட்டு வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை, கேட்டால் அடுத்த ஷெட்யூல் வராது. 2024 ஏப்ரலிலிருந்து, 45 நாளில் தராத பணத்தை அந்த ஆண்டுச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று விதி வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த விதி. சில மாதங்களில் என்னிடம் இரண்டு பேர் வந்து, உத்யம் பதிவை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார்கள்; பதிவு இல்லாத வெண்டாராக இருந்தால் வேலை தருகிறோம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இதே மாதிரி எத்தனை பேர் பதிவை விட்டார்கள் என்பதை ஆராய்ந்தால், சிறியவரைக் காக்க வந்த விதி எங்கே சறுக்கியது என்று தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் என்ன தர முடியும் என்று சொல்லாமல் விடக் கூடாது. வாடிக்கையாளர் கணக்கை அவர் சம்மதம் இல்லாமல் காட்டமாட்டேன். சம்மதம் தரக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேரை என்னால் உட்காரவைக்க முடியும். கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவாருங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் தருகிற தமிழ் வேண்டாம், பட்டறையில் பேசுகிற தமிழ் வேண்டும். முதல் கேள்வியாக விற்றுமுதலைக் கேட்காதீர்கள், எந்த இயந்திரம், எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று கேளுங்கள், மனுஷன் தானே பேசத் தொடங்கிவிடுவார். பிசிறு எடுக்கிற பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். முடிவு வந்ததும் நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். என் செலவில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன்.

மாதம் 10 முதல் 22 வரை தாக்கல் வேலையில் தலை நிமிர முடியாது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரமும் வேண்டாம், எல்லோரும் பட்டறையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மற்ற எந்த நாளும் வரலாம். ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் போதும்.

இப்படிக்கு,
சேக்காட்டிலிருந்து ஒரு கணக்கெழுத்தர்